கட்டியைக் கேட்காத தடுப்பூசி

2024 டிசம்பரில் ரஷ்யா புற்றுநோய்க்குத் தடுப்பூசி கண்டுபிடித்துவிட்டது, அடுத்த வருடம் முதல் நோயாளிகளுக்கு இலவசமாகக் கொடுக்கப்போகிறார்கள் என்று ஒரு செய்தி வந்ததே, அதிலிருந்து தக்கலையில் என் மருந்துக்கடைக்கு வருகிறவர்களில் யாராவது ஒருவர் போனை நீட்டி, "இது எப்பம் நமக்குக் கிட்டும்?" என்று கேட்டபடிதான் இருக்கிறார்கள். 2025 செப்டம்பரில் அதே மாதிரி செய்தி வேறொரு பெயரோடும், நூறு சதவீத வெற்றி என்ற அடைமொழியோடும் இன்னொரு சுற்று வந்தது. கேட்கிறவர்கள் பொழுதுபோகாமல் கேட்பவர்கள் இல்லை. இன்னொரு கையில் திருவனந்தபுரம் புற்றுநோய் ஆஸ்பத்திரியான ஆர்.சி.சி.யின் சீட்டு இருக்கும். குமரி மாவட்டத்தில் அந்தப் பெயருக்கு விளக்கம் தேவையில்லை. களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போகும் காலை பஸ்ஸில் பெரிய ஸ்கேன் கவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் எங்கே போகிறீர்கள் என்று பக்கத்து சீட்டுக்காரர் கேட்பதில்லை.

அந்தக் கேள்விக்கு "அதெல்லாம் சும்மா" என்று ஒற்றை வரியில் பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை, ஏனென்றால் அது முழுக்கச் சும்மாவும் இல்லை. ரஷ்யச் செய்தி சுற்றியபோது அதற்குப் பின்னால் நோயாளிகளிடம் நடத்தி வெளியிட்ட பெரிய சோதனை எதுவும் இல்லை. ஆனால் வேறு இடங்களில் ஒழுங்காக நடத்தி மருத்துவ இதழ்களில் வெளியிட்ட சோதனைகளில், வந்துவிட்ட புற்றுநோயை எதிர்க்கும் தடுப்பூசிகள் நம்பும்படியான பலனைக் காட்டத் தொடங்கியிருக்கின்றன. இரண்டும் ஒரே போனில், ஒரே மாதிரி எழுத்தில் வருகிறது. எது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டிய அவசரம் எங்கள் வீட்டுக்கே வந்த பிறகுதான் இதை உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

அத்தானும் ரப்பர் விளையும்

அத்தான், அதாவது மூத்த அக்காவின் கணவர், திருவட்டாறு பக்கம் ரப்பர் விவசாயி. முறுக்கான், அதாவது வெற்றிலை மெல்லும் பழக்கம் இளம் வயதிலிருந்தே உண்டு, புகையிலை சேர்க்காமல் முறுக்கினால் அவருக்கு முறுக்கின மாதிரியே இருக்காது. இடது கன்னத்தின் உட்பக்கம் ஆறாத புண்ணாகத் தொடங்கியது. அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு எல்லாம் முடித்து மறுபடி விடியற்காலையில் பால்வெட்டுக்காரர்களோடு தோட்டத்தில் நிற்கிற அளவுக்குத் தேறினார். அடுத்த வருடமே கழுத்திலும் நுரையீரலிலும் திரும்ப வந்தது. இனி அறுவைக்கு வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று ராத்திரி ஷார்ஜாவிலிருந்து மருமகன் கூப்பிட்டான். "மாமா, ஒரு சென்டர்ல டென்ட்ரிடிக் செல் தடுப்பூசி போடுறாங்க. ரத்தம் மட்டும் குடுத்தா போதுமாம். நம்ம செல்லையே வெளிய எடுத்து, கேன்சர அடையாளம் காட்டிக் குடுத்து, திரும்ப உடம்புக்குள்ள ஏத்துறாங்களாம்." அவன் கற்பனையாக எதையும் சொல்லவில்லை, அந்த மையத்தின் விளம்பரத்தில் அப்படித்தான் இருந்தது. மையத்தின் பெயர் இங்கே வேண்டாம். பல லட்சம் ரூபாய், அதில் பாதி முன்பணம். அக்கா அதற்குள் மனதில் கணக்குப் போட்டு முடித்திருந்தாள், ரோட்டோரம் இருக்கும் விளையை, அதாவது ரப்பர் தோட்டத்தை, விற்றால் சென்ட் என்ன விலைக்குப் போகும் என்று. "பைசா போனா போட்டும்டே, ஆளு வேணும்லா" என்றாள். அந்தப் பேச்சுக்கு எதிராக யாராலும் எதுவும் பேச முடியாது. பேசவும் கூடாது என்றுதான் நினைக்கிறேன். ஆளைக் காப்பாற்றும் என்றால் விளை போகட்டும். காப்பாற்றுமா என்பதைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

டென்ட்ரிடிக் செல் என்பது ஏமாற்று வார்த்தை இல்லை. உடம்புக்குள் அந்நியமான ஒன்று நுழைந்தால் அதன் துணுக்கை எடுத்து, தாக்கும் வெள்ளணுக்களான டி-செல்களுக்குக் காட்டி "இதைத் தேடு" என்று சொல்கிற செல் அது. அதைக் கண்டுபிடித்த ரால்ஃப் ஸ்டைன்மேனுக்கு 2011-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அறிவிப்பு வருவதற்கு மூன்று நாள் முன்பு அவர் கணையப் புற்றுநோயில் இறந்துபோயிருந்தார். தன் கட்டியை வைத்தே தயாரித்த டென்ட்ரிடிக் செல் தடுப்பூசிகளைத் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்தவர் அவர். அந்தச் செல்லை வைத்துச் செய்த ஒரு மருந்து அதற்கு முந்தைய வருடமே அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. பெயர் புரோவெஞ்ச், கம்பெனி டென்ட்ரியான். முற்றிய புராஸ்டேட் புற்றுநோய்க்கான தடுப்பூசி. நோயாளியின் ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்தெடுத்து, விமானத்தில் தொழிற்சாலைக்கு அனுப்பி, அங்கே பதப்படுத்தி, மறுபடி விமானத்தில் கொண்டுவந்து அதே நோயாளிக்கு ஏற்ற வேண்டும். மூன்று தடவை. விலை 93,000 டாலர். 512 பேரிடம் நடந்த சோதனையில் பாதிப் பேராவது உயிரோடு இருந்த காலம் 21.7 மாதத்திலிருந்து 25.8 மாதமாக ஆனது, அதாவது 4.1 மாதம் கூடியது.

இந்த மருந்துக்கு அப்புறம் நடந்ததை மருந்து வியாபாரத்தில் இருக்கிற யாரும் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க டாக்டர்கள் தங்கள் கைக்காசைப் போட்டு மருந்தை வாங்கிவிட்டு இன்சூரன்ஸ் பணம் வரக் காத்திருக்க வேண்டியிருந்தது. 2011-ல் அபிராட்டரோன், 2012-ல் என்சலூட்டமைடு என்று அதே நோய்க்கு இரண்டு மருந்துகள் வாயில் போட்டு விழுங்குகிற வடிவத்திலேயே வந்துவிட்டன. ரத்தம் எடுக்க வேண்டாம், விமானம் வேண்டாம், நேரம் தவறினால் மருந்து வீணாகுமே என்ற பயம் வேண்டாம். டென்ட்ரியான் 2014 நவம்பரில் திவால் மனு கொடுத்தது. அந்த மருந்து இன்றும் அமெரிக்காவில் கிடைக்கிறது, கம்பெனிதான் கை மாறிக்கொண்டே போனது. அபிராட்டரோன் என் கடை அலமாரியில் இருக்கிறது, இந்தியக் கம்பெனிகள் போட்டிபோட்டுச் செய்கின்றன, மாதாமாதம் வந்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

மெழுகுக்குள் ஒரு துணுக்கு

மருமகன் சொன்ன மையத்துக்கு ரிப்போர்ட்டுகளை அனுப்பும் முன்பு, எனக்குப் பழக்கமான ஒரு பேத்தாலஜி டாக்டரிடம் காட்டலாம் என்று போனேன். நம் பக்கத்தில் புற்றுநோய் வந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரியும், ஒரு ஆஸ்பத்திரியில் எடுத்த சதையை இன்னொரு ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டுமென்றால் "பிளாக்கும் ஸ்லைடும் வாங்கிட்டு வாங்க" என்பார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கி, பஞ்சு சுற்றி, சட்டைப்பையிலோ டிபன் பையிலோ வைத்து நாமேதான் கொண்டுபோக வேண்டும். அத்தானின் பிளாக் என் பையில் இருந்தது. விரல் நீளம்கூட வராத பிளாஸ்டிக் சட்டம், ஓரத்தில் பென்சிலால் எழுதிய நம்பர், சட்டத்தின் மேல் வெள்ளை மெழுகு, மெழுகின் நடுவில் பழுப்பு நிறத்தில் ஒரு துணுக்கு. அந்தத் துணுக்குதான் அத்தானின் கன்னத்தில் இருந்தது.

டாக்டர் ஸ்லைடுகளைப் பார்த்துவிட்டு ரிப்போர்ட் சரிதான் என்றார். அப்புறம் நான் தடுப்பூசி விஷயத்தைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இந்த பிளாக்க அவங்க கேட்டாங்களா?"

கேட்கவில்லை. ரத்தம் போதும் என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

"அப்ப கட்டியப் பாக்காம யாருக்கு எதிரா ஊசி போடப்போறாங்க?"

அதன் பிறகு அவர் சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன். கட்டி வேண்டாம் என்று சொல்வதே தவறு என்று இல்லை. புரோவெஞ்ச் கட்டியைக் கேட்பதில்லை, ஏனென்றால் புராஸ்டேட் புற்றுநோய்களில் பெரும்பாலும் பொதுவாக இருக்கும் ஒரு புரதத்தை அது குறிவைக்கிறது. அதைக் குறிவைத்தால் என்ன ஆகும் என்று 512 பேரிடம் பார்த்தும்விட்டார்கள். கன்னப் புற்றுநோய்க்கு அப்படிச் சோதித்துத் தேறிய பொதுக் குறி எதுவும் இல்லை. இல்லாதபோது, அந்த ஆளின் கட்டியில் என்ன மாறியிருக்கிறது என்று படித்துத்தான் ஆக வேண்டும். படிக்க இந்தத் துணுக்கு வேண்டும். உலகத்தில் இப்போது நடக்கும் நல்ல சோதனைகளில் பெரும்பாலானவை இந்தத் துணுக்கிலிருந்துதான் தொடங்குகின்றன. "நீங்க பையில வச்சிருக்கது வெறும் ரிப்போர்ட்டுக்கான சாதனம் இல்ல. ஊசி செய்யணும்னா அதுதான் மூலப்பொருள்" என்றார்.

கடைக்குத் திரும்பி அந்த மையத்துக்குப் போன் போட்டேன். எந்தப் புரதத்தைக் குறிவைக்கிறீர்கள், கன்னப் புற்றுநோயில் எத்தனை பேருக்குப் போட்டு எங்கே வெளியிட்டிருக்கிறீர்கள், கட்டியின் பிளாக் வேண்டாமா என்று கேட்டேன். பேசிய பெண் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். "எல்லா கேன்சருக்கும் ஒரே முறைதான் சார். அட்வான்ஸ் கட்டினா டேட் குடுத்துருவோம்." எல்லா கேன்சருக்கும் என்ற அந்த இடத்தில் எனக்கு விஷயம் முடிந்துவிட்டது. விளை விற்கவில்லை.

உண்மையில் எங்கே நிற்கிறோம்

புற்றுநோய்க்குத் தடுப்பூசி என்ற யோசனை பழையது. நியூயார்க்கில் வில்லியம் கோலி என்ற அறுவை மருத்துவர் 1891-லேயே கட்டிகளுக்குள் பாக்டீரியாவைச் செலுத்திப் பார்த்தார். அதற்கு நூறு வருடத்துக்கு அப்புறமும் பெரிய முன்னேற்றம் இல்லை. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஸ்டீவன் ரோசன்பெர்க் குழு 2004-ல் தாங்கள் தடுப்பூசி போட்ட 440 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டது. கட்டி சுருங்கியது 2.6 சதவீதம் பேருக்கு. தங்கள் தோல்வியை இவ்வளவு வெளிப்படையாக எழுதிய அந்தக் குழுவின் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அதன் பிறகும் பெரிய கம்பெனிகள் பணத்தைக் கொட்டின. கிளாக்ஸோவின் மேஜ்-ஏ3 தடுப்பூசியை 2,000-க்கும் மேற்பட்ட நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் சோதித்து, பலன் இல்லை என்று 2014-ல் கைவிட்டார்கள்.

ஏன் தோற்றன என்பது இப்போது ஓரளவு தெளிவு. ஒன்று, குறிவைத்த புரதங்கள் பல நம் உடம்பிலும் கொஞ்சம் இருப்பவை, நம் உடம்பின் பொருளைத் தாக்காதே என்று டி-செல்கள் முன்பே பழகியிருக்கும். இன்னொன்று, முற்றிப்போய் உடம்பெல்லாம் பரவிய நிலையில் போட்டார்கள். அந்த நிலையில் கட்டி தன்னைச் சுற்றி எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்திருக்கும், டி-செல் உள்ளே போனாலும் தூங்கிவிடும். இந்த அடக்குமுறையை எடுத்துவிடும் மருந்துகளுக்கு அடித்தளம் போட்ட ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுகு ஹோன்ஜோவுக்கும் 2018-ல் நோபல் கிடைத்தது. கீட்ரூடா, நிவோலுமாப் எல்லாம் அந்த வகை.

இப்போது நடப்பது என்னவென்றால், கட்டியை அறுத்து எடுத்த பிறகு அந்தத் துணுக்கின் டி.என்.ஏ.வையும் அதே ஆளின் ரத்தத்திலுள்ள டி.என்.ஏ.வையும் படித்து ஒப்பிடுகிறார்கள். கட்டியில் மட்டும் இருக்கும் மாற்றங்களைப் பொறுக்கி எடுத்து அவற்றை எம்.ஆர்.என்.ஏ. ஊசியாக, அதாவது அந்தப் புரதத் துணுக்குகளை உடம்பே செய்துகொள்ளச் சொல்லும் குறிப்பாக, எழுதுகிறார்கள். மாடர்னாவும் மெர்க்கும் சேர்ந்து செய்யும் ஊசியில் ஒரு ஆளுக்கு 34 மாற்றங்கள் வரை எழுதலாம். மெலனோமா என்ற தோல் புற்றுநோயை அறுத்து எடுத்த 157 பேரிடம் நடந்த சோதனையில், கீட்ரூடா மட்டும் போட்டவர்களைவிட, ஊசியும் சேர்த்துப் போட்டவர்களுக்கு நோய் திரும்புவதோ இறப்பதோ 44 சதவீதம் குறைந்தது. மூன்று வருடம் போன பிறகு பார்த்தபோது அது 49 சதவீதமாக இருந்தது. கணையப் புற்றுநோயில், நியூயார்க்கில் வினோத் பாலச்சந்திரன் குழு பயோன்டெக்கோடு சேர்ந்து 16 பேருக்குப் போட்டார்கள். 8 பேர் உடம்பு ஊசிக்குப் பதில் கொடுத்தது, சராசரியாக மூன்று வருடத்துக்கு மேல் கவனித்ததில் அந்த 8 பேரில் இருவருக்கு மட்டும் நோய் திரும்பியது. பதில் கொடுக்காத 8 பேரில் 7 பேருக்குத் திரும்பியது. சின்னச் சோதனைதான், ஆனால் கணையப் புற்றுநோயைத் தெரிந்தவர்கள் இந்த எண்ணை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படிப்பார்கள்.

எனக்கு இதிலெல்லாம் பெரிதாகப் பட்டது பிரான்சின் டிரான்ஸ்ஜீன் கம்பெனி செய்தது. மெலனோமா நம் நிறத்தவர்களுக்கு அபூர்வம். நம் ஊர் நோய் வாயும் தொண்டையும். டிரான்ஸ்ஜீன் அதைத்தான் எடுத்தது. தலை, கழுத்துப் புற்றுநோயை அறுத்துச் சிகிச்சை முடித்தவர்களில் ஊசி போட்ட 16 பேரில் யாருக்கும் இரண்டு வருடம் வரை நோய் திரும்பவில்லை. போடாமல் கவனித்த 16 பேரில் 3 பேருக்குத் திரும்பியது. மிகச் சிறிய எண், இதை வைத்து யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் மூன்று சோதனைகளிலும் ஒன்று பொதுவாக இருப்பதைக் கவனியுங்கள். கட்டியை எடுத்தாயிற்று, கண்ணுக்குத் தெரியாத மிச்சம் மட்டும் இருக்கிறது, அந்த நேரத்தில் ஊசி. அத்தானுக்கு அந்த நேரம் ஒரு வருடம் முன்பே தாண்டிப் போயிருந்தது. போனை நீட்டுகிறவர்களில் பெரும்பாலோர் வீட்டிலும் தாண்டிப் போயிருக்கும். இதைச் சொல்வதுதான் கடையில் எனக்கு ரொம்பக் கஷ்டமான வேலை.

நகலெடுக்க முடியாத மருந்து

மருந்துக்கடைக்காரனாக நான் பார்த்து வளர்ந்தது ஒரு விஷயம். எந்த மருந்தும் ஒரு நாள் மலிவாகும். ரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிபை எடுத்துக்கொள்ளுங்கள். 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் நோவார்ட்டிஸுக்குக் காப்புரிமை இல்லை என்று தீர்ப்புச் சொன்ன காலத்தில், மாதத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் விலை சொன்ன மருந்தை இந்தியக் கம்பெனிகள் பத்தாயிரம் ரூபாய் அளவில் கொடுத்துக்கொண்டிருந்தன. காப்புரிமை முடியட்டும், நம்ம ஆட்கள் செய்துவிடுவார்கள் என்ற அந்தத் தைரியம் இந்த நாட்டில் மருந்து விற்கிற எல்லோருக்கும் உண்டு.

இந்த ஊசிக்கு அது செல்லாது. எதைப் பார்த்து நகலெடுப்பது? ஒரு ஆளுக்குச் செய்த ஊசி அடுத்த ஆளுக்குத் தண்ணீருக்குச் சமம். நூறு பேருக்கு நூறு மருந்து, ஒவ்வொன்றையும் தனியாகச் செய்து, தனியாகச் சோதித்து, உறைய வைத்து அனுப்ப வேண்டும். லட்சக்கணக்கில் ஒரே மாத்திரையை அடித்து விலையைக் குறைக்கும் நம் வித்தை இங்கே எடுபடாது. பணக்கார நாடுகளிலேயே இதை யார் செலவில் எப்படிக் கொடுப்பது என்று இப்போதே திட்டமிடுகிறார்கள். இங்கிலாந்து அரசு பயோன்டெக்கோடு 2023-ல் ஒப்பந்தம் போட்டது, 2030-க்குள் 10,000 நோயாளிகளுக்கு இப்படிப்பட்ட சிகிச்சைகள் கொண்டுபோக வேண்டும் என்று. ஒரு கம்பெனியும் ஒரு பொது மருத்துவ அமைப்பும் சேராமல் இது நடக்காது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் விலை குறைய வேறு ஒரு வழி இருக்கிறது. மருந்தை நகலெடுக்க முடியாது, மருந்து செய்யும் வழியை மலிவாக்கலாம். முதல் மனித ஜீனோமை, அதாவது முழு டி.என்.ஏ.வை, படிக்க 2003 வரை 13 வருடமும் ஏறக்குறைய 300 கோடி டாலரும் ஆனது, இன்று ஒரு ஆளின் ஜீனோமைப் படிக்க ஆயிரம் டாலர்கூட ஆகாது. இந்தியாவிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. நோயாளியின் டி-செல்களையே எடுத்து மாற்றித் திரும்ப ஏற்றும் கார்-டி என்ற சிகிச்சையும் ஒவ்வொரு ஆளுக்கும் தனியாகச் செய்வதுதான். மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19-க்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. இன்னும் லட்சங்களில்தான் இருக்கிறது, ஆனால் அமெரிக்காவில் அதே வகைச் சிகிச்சைக்கு ஆகும் செலவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. யாருடைய மருந்தையும் நகலெடுத்து வந்த விலை இல்லை இது. நம் ஆய்வகத்தில், நம் ஆட்களை வைத்து, நாமே செய்யும் முறையை உருவாக்கியதால் வந்த விலை. எம்.ஆர்.என்.ஏ. செய்யத் தெரிந்த கம்பெனி புனேயிலேயே இருக்கிறது, கோவிட் சமயத்தில் ஜென்னோவா செய்து காட்டியது.

எல்லோருக்கும் ஒரே ஊசி என்ற பாதையும் செத்துவிடவில்லை. கணையம், பெருங்குடல் புற்றுநோய்களில் பலருக்குப் பொதுவாக, கே-ராஸ் என்ற ஜீனில் வரும் மாற்றத்தைக் குறிவைத்து ஈ.எல்.ஐ.-002 என்ற ஊசியை 25 பேருக்குப் போட்டதில் 21 பேருக்கு டி-செல்கள் எழுந்தன. இது தேறினால் என் கடை பிரிட்ஜில் வைத்து விற்கிற மாதிரியான மருந்து, இந்தியக் கம்பெனிகளும் செய்யலாம். ஆனால் டி-செல் எழுவது வேறு, ஆள் பிழைப்பது வேறு, அதற்குப் பெரிய சோதனை முடிய வேண்டும். ஐ.ஓ. பயோடெக் என்ற டென்மார்க் கம்பெனியின் பொது ஊசி 2025-ல் 407 மெலனோமா நோயாளிகளிடம் நடந்த சோதனையில் நூலிழையில் தோற்றது. நோய் வளராமல் இருந்த காலம் 11 மாதத்திலிருந்து 19.4 மாதமாகக் கூடியிருந்தும், புள்ளியியல் கணக்கில் வைத்திருந்த கோட்டைத் தொடவில்லை.

மலிவாக இருந்துவிட்டால் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் ஆரம்ப நிலையில், காசநோய்க்குக் குழந்தைகளுக்குப் போடும் அதே பி.சி.ஜி.யைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்துகிறார்கள். 1976-லிருந்து நடக்கிறது, 1990-ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. வந்துவிட்ட புற்றுநோயை விரட்டப் பயன்படும் தடுப்பூசிகளில் இன்றைக்கும் உலகம் முழுக்க அன்றாடம் பயன்படுவது இதுதான். லாபம் குறைவு, வளர்க்க நாள் பிடிக்கும், தொழிற்சாலையைப் பராமரிப்பது சிரமம் என்பதால் செய்கிறவர்கள் குறைந்துபோனார்கள். சனோஃபி விலகிய பிறகு அமெரிக்காவுக்கே மெர்க் ஒன்றுதான் மிச்சம், தட்டுப்பாடு தீராமல் இழுத்தது. 93,000 டாலர் விலை வைத்தவனும் விழுந்தான், மலிவாகக் கொடுத்ததைச் செய்யவும் ஆள் இல்லை. இதனால்தான் இதைத் தனியார் சந்தையிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது என்று அழுத்திச் சொல்கிறேன்.

20 மில்லிகிராம்

அத்தானுக்கு என்ன கொடுத்தார்கள் என்று சொல்லவில்லையே. டாடா மெமோரியல் டாக்டர்கள் ஒரு சோதனை செய்திருந்தார்கள். நிவோலுமாபை வழக்கமாக 240 மில்லிகிராம் போடுவார்கள், நம்மில் பெரும்பாலோரால் வாங்க முடியாத விலை. அதற்குப் பதில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம், கூட மலிவான மாத்திரைகள். அத்தானைப் போல வாய், தொண்டைப் புற்றுநோய் முற்றிய 151 பேரிடம் சோதித்தார்கள். மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் ஒரு வருடத்துக்கு அப்புறம் 16.3 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், இந்தச் சின்ன அளவு ஊசியும் சேர்த்துப் போட்டவர்களில் 43.4 சதவீதம். மருந்துக் கம்பெனி எதுவும் இப்படி ஒரு சோதனையைத் தானாகச் செய்யாது, தன் மருந்தைப் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே விற்கலாம் என்று நிரூபிக்க யாருக்கு ஆசை வரும். அந்த வேலையை நம் அரசு ஆஸ்பத்திரி டாக்டர்கள் செய்தார்கள்.

குப்பி 40 மில்லிகிராமில் வருகிறது. திறந்தால் அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். எனவே நெய்யாற்றின்கரையிலிருந்து வரும் இன்னொரு நோயாளியோடு அத்தானுக்கு ஒரே நாளில் தேதி போட்டார்கள், ஒரு குப்பி இரண்டு பேருக்கு. அந்தக் குடும்பமும் நாங்களும் பாதிப் பாதி காசு போடுவோம். நான் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ்பேக் அடுக்கிக் கொடுத்துவிடுவேன், மருந்துக்கும் ஐஸ்பேக்குக்கும் நடுவில் ஒரு துண்டு அட்டை வைக்க வேண்டும், உறைந்துவிட்டால் மருந்து வீண். அத்தான் நல்ல நாட்களைப் பார்த்தார். ஒரு ஓணத்துக்குப் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து பாயசம் குடிக்கிற அளவு வாய் திறந்தது. அப்புறம் அதுவும் கேட்காமல் போய், போன ஆடியில் இறந்தார். விளை அக்கா பெயரில் இருக்கிறது, அதில் வரும் ரப்பர் ஷீட்டுக்காசில்தான் வீடு ஓடுகிறது.

இனி என்ன கேட்க வேண்டும்

எவரெஸ்ட்டில் ஏற முயன்ற சாமர்வெல் டாக்டர் 1920-களில் நெய்யூரில் வந்து தங்கி வருடக்கணக்காக அறுவை செய்த மாவட்டம் இது. நல்ல மருத்துவம் நம்மைத் தேடி வந்த பழக்கம் நமக்குப் புதிதில்லை. இப்போது நாம் கேட்க வேண்டியது ஊசியை மட்டும் இல்லை. ஊசி வரும் நாளில் அதைச் செய்ய நம் கையில் மூலப்பொருள் இருக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும். அறுவை முடிந்த சதையை உடனே சரியான அளவு ஃபார்மலினில் போடாமல் மேஜையில் வைத்திருந்தால், அல்லது நாள்கணக்கில் ஃபார்மலினிலேயே கிடந்தால், உள்ளே டி.என்.ஏ. சிதைந்துபோகும். ரிப்போர்ட் எழுத அது போதும், ஊசி எழுதப் போதாது. அந்த பேத்தாலஜி டாக்டர் இதைச் சொன்னபோது எனக்கு ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரியும், மார்த்தாண்டம் முதல் நாகர்கோவில் வரை இருக்கிற சின்னச் சின்ன ஆபரேஷன் தியேட்டர்களும்தான் நினைவுக்கு வந்தன. சதையை எடுத்த நேரத்தையும் ஃபார்மலினில் போட்ட நேரத்தையும் குறிப்பது, பிளாக்குகளை நம்பர் போட்டு வருடக்கணக்கில் பத்திரமாக வைப்பது, அதைச் சொந்தக்காரர் சட்டைப்பையில் அனுப்பாமல் ஆஸ்பத்திரியே அனுப்புவது. பெரிய செலவுள்ள காரியங்கள் இல்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் அறுவைக்குப் பணம் கொடுக்கும்போது இதையும் ஒரு நிபந்தனையாகச் சேர்த்தால் போதும்.

போனை நீட்டுகிறவர்களிடம் இப்போது மூன்று கேள்விகளைச் சொல்லிக் கொடுக்கிறேன். எங்கள் கட்டியின் பிளாக் வேண்டாமா, வேண்டாம் என்றால் எந்தக் குறியை வைத்துப் போடுகிறீர்கள்? இதே நோயில், இதே நிலையில் எத்தனை பேருக்குப் போட்டு எங்கே வெளியிட்டீர்கள்? இது சோதனை என்றால் இந்தியச் சோதனைப் பதிவேட்டு எண் என்ன, சோதனைக்கு ஏன் காசு கேட்கிறீர்கள்? மூன்றாவது கேள்விக்கே பல பேர் போனை வைத்துவிடுகிறார்கள் என்று வந்து சொல்கிறார்கள். கூடவே, வீட்டில் பெண்பிள்ளை இருந்தால் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசி இருப்பதையும் சொல்கிறேன். 2023-லிருந்து சீரம் கம்பெனியின் செர்வாவாக் கிடைக்கிறது, 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்குப் போடத் தமிழக அரசே 2025-26 பட்ஜெட்டில் 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. இதைப் பற்றி யாரும் போனில் எதுவும் அனுப்புவதில்லை.

மாடர்னா, மெர்க் ஊசிக்கு 1,089 மெலனோமா நோயாளிகளை வைத்துப் பெரிய சோதனை நடக்கிறது. அதன் முழு முடிவு வெளியாகும் நாளில் தலைப்பில் ஒரு சதவீதம் இருக்கும், எல்லோரும் அதைத்தான் அனுப்புவார்கள். நான் தேடிப் படிக்கப்போவது வேறு. நோய் திரும்பாமல் இருந்தது சரி, ஆயுள் கூடியதா? அறுவை முடிந்து ஊசி கைக்கு வர எத்தனை வாரம் பிடித்தது? எத்தனை பேருக்குத் துணுக்கு போதாமலோ தரம் இல்லாமலோ ஊசியே செய்ய முடியாமல் போனது? குமரி மாவட்டத்து நோயாளிக்கு இந்த மருந்து எட்டுமா எட்டாதா என்பது அந்தக் கடைசி எண்ணில் இருக்கிறது. கட்டுரையில் அது எந்தப் பக்கத்து அட்டவணையில் ஒளிந்திருந்தாலும் கண்டுபிடித்து எழுதுகிறேன்.